பஞ்சு வைக்காத கட்டு

எங்கள் லாயத்தில் மூன்று குதிரைகள். ஒன்று கிழம், ஒன்று நொண்டி. உருப்படியாக ஓடுவது சீமாட்டி மட்டும்தான். சாலைக்கு அந்தப் பக்கம் பெரிய லாயம், அங்கே நாற்பது. அவர்களுக்குக் குதிரை நீந்தக் குளம் உண்டு, சொந்த மருத்துவர் உண்டு. எனக்கு என் மனைவி உண்டு.

பெரிய பந்தயத்தில் அவர்களோடு மல்லுக்கட்டினால் தூசிதான் மிஞ்சும். அதனால் சீமாட்டியை விலைப் பந்தயத்தில் ஓடவிடுவேன். அங்கே ஜெயிக்கலாம், ஆனால் ஒரு வில்லங்கம். ஓட்டத்துக்கு முன் எவன் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டு, குறித்த விலைக்குக் குதிரையைத் தட்டிக்கொண்டு போகலாம். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. தாய் செத்த குட்டியாக இருந்த சீமாட்டியைப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் என் மனைவி. ஜெயித்தாலும் தோற்றாலும் சீமாட்டி சாயங்காலம் எங்கள் லாயத்துக்குத் திரும்ப வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அதற்காக ஒரு தில்லுமுல்லு வைத்திருந்தோம். குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும்போது அவள் முன்னங்கால்களில் தடிமனாகக் கட்டுப் போட்டிருப்போம். கால் போன குதிரை என்று ஒருவனும் சீட்டுப் போடமாட்டான். பெட்டியை மூடியதும் அவிழ்த்துவிடுவோம். ஆறு தடவை எல்லோர் கண்ணிலும் மண்ணைத் தூவியாயிற்று.

ஏழாவது தடவை அவள் இரண்டு குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தாள். நானும் மடையன் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பெரிய லாயத்தின் தலைமைக் குதிரைக்காரர் நேராக என்னிடம் வந்தார். கையில் அவர்களுடைய நீலத் தலைக்கயிறு.

"தப்பா நினைச்சுக்காதீங்கண்ணா. எங்க சீட்டுதான்."

"காலைப் பார்த்தீங்கல்ல? அப்புறம் எப்படி?"

"பார்த்ததாலதான். கட்டு ஒல்லியா இருந்துச்சு, உள்ள பஞ்சு இல்ல. நிஜமாவே வலிக்கிற காலுக்குப் பஞ்சு வைக்காம யார் கட்டுவாங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். கட்டுப் போடுவது அவள் வேலை.

"வெயில் அப்படிக் கொளுத்துச்சுங்க," என்றாள். "பஞ்சு வெச்சா அதுக்குக் கால் வெந்துபோயிடுமேன்னு..."

சாப்பாட்டில் உப்பு குறைந்தாலே தட்டைத் தள்ளிவிடுகிற ஆள் நான். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உடம்பு முழுக்க மரத்துப்போயிருந்தது. எங்கள் கயிற்றை நானே கழற்றிச் சீமாட்டியை ஒப்படைத்தேன்.

அவர் சீமாட்டியை நடத்திக்கொண்டு போக, என் மனைவியும் கூடவே நடந்தாள். நான் பின்னால் போனேன்.

"தண்ணி வெதுவெதுன்னு இருந்தாத்தான் குடிக்கும். இடது பக்கமா வந்தா மிரளும். புல்லை உதறிப் போடணும், தூசி இருந்தா இருமும்." மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். பத்து வருஷம் கட்டிக் காத்த ரகசியமெல்லாம் எதிராளி காதில் போய்க்கொண்டிருந்தது. நான் தடுக்கவில்லை.

"அக்கா, எங்ககிட்ட நாப்பது இருக்கு," என்றார் அவர். குரலில் ஏளனம் இல்லை. அந்த மனுஷனைக் குற்றம் சொல்ல முடியாது. "ஒவ்வொண்ணுக்கும் இப்படிப் பார்த்தா எங்களுக்கு விடியாது."

"நாளைக்கு நான் வேணா வந்து..."

அதற்குள் பெரிய லாயத்தின் கம்பிக் கதவுக்கு வந்துவிட்டோம். வாட்ச்மேன் குதிரை நுழையுமளவுக்குக் கதவைத் திறந்தான், உடனே மூடினான். கம்பிக்கு அந்தப் பக்கம் நிறைய குதிரைகள். அதில் எது எங்களுடையது என்று கொஞ்ச நேரத்தில் எனக்கே தெரியவில்லை.

"வா, போகலாம்," என்றேன்.

"இருங்க," என்றாள், கம்பியைப் பிடித்தபடி. "இன்னும் ஒண்ணு சொல்லணும்."

உள்ளே கேட்க ஆள் யாரும் இல்லை.