ஒன்பது ஆள் ஆழம்

பொய் சொல்வதில் எங்கள் மலையில், குண்டனி நாட்டில், எனக்கு இணை கிடையாது என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்தான். ஒருவன் இருந்தான். ரமீஸ் என்று பேர். மலைக்காரன் அல்ல. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் மிளகு மண்டி வைத்திருந்த அபுதாஹிர் பாயின் தம்பி. தொண்ணூற்று மூன்றிலிருந்து தொண்ணூற்றாறு வரைக்கும் மிளகுக் காலம் வந்தால் அண்ணனுக்குப் பதிலாக அவன்தான் மலையேறுவான். கொடி பார்ப்பான், ரெண்டு மணியைக் கடித்துத் துப்புவான், விலை பேசுவான். விலை பேச அரை நாழிகை ஆகும். அதன் பிறகு பொய் பேச அரை நாள்.

"செங்கோட மாமா, போன வருசம் உங்க பலாப்பழம் எத்தனை கிலோ இருந்துச்சுங்க?"

"அதை எங்க கண்ணு நிறுத்தோம்? மரத்துலருந்து விழுந்துச்சு, உருண்டுச்சு. எழுவது கொண்டை ஊசி வளைவுலயும் ஒழுங்கா ஒதுங்கி, எதுக்க வந்த லாரிக்கு வழி உட்டு, காரவள்ளிச் செக்போஸ்ட்டுல போயி நின்னுச்சு."

ரமீஸ் சிரிக்க மாட்டான். நெற்றியைச் சுருக்கி யோசிப்பான்.

"ஓ, அது உங்க பழந்தானுங்களா? எங்க மண்டி வாசல்ல வந்து நின்னு, சேலத்துக்கு எந்தப் பஸ்ஸுன்னு கேட்டுச்சு. நாந்தான் ஏத்தி உட்டேன்."

என் சம்சாரம் அத்தாயி அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள். "ரெண்டு பேரு வாயிலயும் பச்சை மிளகை அரைச்சு அப்போணும். அப்பத்தான் அடங்கும்."

தொண்ணூற்றாறில் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. நஜிமா என்ற பெண். ஆறு மாதத்தில் மலேசியாவில் ஒரு மளிகைக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். அங்கிருந்தும் விடவில்லை. "இங்கே ஒரு கட்டடம் இருக்கிறது மாமா, மேல் மாடியில் ஏறி எட்டிப் பார்த்தால் உங்கள் தோட்டம் தெரிகிறது. அத்தை ஆட்டுக்குத் தழை போடுகிறார்கள். ஆடு இளைத்திருக்கிறது, கவனியுங்கள்" என்று கடுதாசி போட்டான். நான் போய் ஆட்டைப் பார்த்தேன். இளைத்துத்தான் இருந்தது.

தொண்ணூற்றொன்பது மாசி மாதம் நானே மிளகு மூட்டையைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மண்டி பாதிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அபுதாஹிர் பாய் தராசுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். தாடியில் பத்து நாள் தூசி.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டரை வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பிய ரமீஸ் ஏறிய விமானம் சென்னைக்கு வந்து சேரவில்லை. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கடலில் விழுந்துவிட்டது. பாய் அன்றைக்கே ஓடியிருக்கிறார். கப்பல் வந்தது, படகுகள் போயின, நிறையப் பேரை எடுத்து வந்து வரிசையாகக் கிடத்தினார்கள். ஒவ்வொருவராகத் துணியை விலக்கிப் பார்த்திருக்கிறார். தம்பி இல்லை. இன்னும் முப்பது பேர் கிடைக்கவில்லை. துணி மாற்றிக்கொள்ள ஊருக்கு வந்திருந்தார்.

"உடம்பில்லாம எங்க ஆளுங்க ஜனாஸாத் தொழுகை, அதான் அடக்கத்துக்கு முன்னாடி தொழறது, தொழ மாட்டாங்க கவுண்டரே. எங்க வழக்கத்துல அது இல்லை" என்றார். "அதைக்கூடத் தாங்கிக்குவேன். நஜிமாதான். புருசன் போயிட்டா பொம்பளை நாலு மாசம் பத்து நாள் வெளிய வராம துக்கத்துல, இத்தா இருக்கோணும். அவ உக்கார மாட்டேங்கறா. உடம்பு வராத வரைக்கும் நான் தாலி அறுத்தவ இல்லீங்கறா. தெனமும் அவனுக்குச் சோறு எடுத்து வெச்சு மூடறா. என்ன பண்ணுவேன் சொல்லுங்க."

அடுத்த பஸ்ஸில் ஏறி ஊட்டுக்கு வந்து, பரணிலிருந்து பாதாளக்கரண்டியை எடுத்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிணற்றில் குடம், வாளி விழுந்தால் துழாவி எடுக்கிற கருவி அது. இரும்பு வளையத்தில் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும். என்னுடையதில் இருபத்திரண்டு கொக்கி. என் பாட்டன் காலத்தில் விழுந்த செப்புக் குடத்தை நான் எடுத்தபோது உள்ளே வெந்நீர் ஆறாமல் இருந்தது. அது கிடக்கட்டும். இதை இரவல் வாங்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வாங்க முடியாது. தங்கள் ஊட்டுப் பாத்திரம் ஒன்றை என்னிடம் வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போகவேண்டும். கரண்டி திரும்பி வந்தால் பாத்திரம் திரும்பும். எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

சென்னைக்குத் தெற்கே, விமானம் விழுந்த இடத்துக்கு எதிரே இருந்த மீனவர் குப்பத்தில் பாயும் நானும் போய் இறங்கினோம். நான் கடலை அன்றுதான் முதலில் பார்த்தேன். பார்த்ததும் படகு ஓட்டுகிற மாணிக்கத்திடம் கேட்டேன்: "இதுக்குப் படிக்கட்டு எந்தப் பக்கமுங்க?"

மாணிக்கம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் தோளில் கிடந்த கொக்கிக் கொத்தைப் பார்த்தார்.

"இன்னா பெரிசு, கடல்ல குடம் போட்டுட்டியா?"

"ஆளைப் போட்டுட்டோமுங்க."

அவருக்குச் சிரிப்பு நின்றது. கரண்டியை வாங்கிக் கொக்கிகளை ஒவ்வொன்றாக விரலில் அழுத்திப் பார்த்தார். கொண்டுபோகிறேன் என்றார். பாத்திரம் கேட்டேன். கூட இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திட்டினார்கள். சாவு நடக்கும் இடத்தில் சட்டி பானைக் கணக்கா என்றார்கள். பாய்கூட என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. மாணிக்கம் கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு குடிசைக்குள் போய், சம்சாரம் மீன் குழம்பு வைக்கிற அலுமினியக் குண்டானைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

மூன்று நாள் போனார்கள். கொக்கியில் என்னென்னவோ வந்தது. ஆணி வரிசை அடித்த தகரம், நீலக் கம்பளத் துண்டு, ஒற்றைச் செருப்பு, சாப்பாட்டுத் தட்டு ஒட்டிய பலகை. எல்லாவற்றையும் கரையில் தார்ப்பாயில் பரப்பி எண் எழுதி வைத்தார்கள். பாய் தினமும் அந்தத் தார்ப்பாயை நாலு தரம் சுற்றி வருவார். நான் குண்டானை அணைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பேன்.

நாலாம் நாள் காலை, தேடுவது முடிந்தது என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டார்கள். கப்பல் போய்விட்டது. குப்பத்து ஆட்களும் மீன் பிடித்துப் பல நாள் ஆகியிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மாணிக்கம் கரண்டியை என் முன்னால் வைத்தார்.

"என்னால ஆனது அவ்ளோதான் பெரிசு. குண்டானைக் குடு. என் பொண்டாட்டி மூணு நாளா ரசம் ஊத்துறா."

பாய் தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு நஜிமா மூடி வைத்த சோறு ஞாபகம் வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"குண்டானைத் தரமுடியாதுங்களே."

"இன்னாது?"

"எங்க மலை வழக்கமுங்க. போன கரண்டி வெறுங்கையோட திரும்புனா அதை வாங்கக் கூடாது. வாங்குனா எடுத்துப் போனவன் ஊட்டுக் கிணறு வத்திப்போயிரும். உங்களுக்குக் கிணறு இல்லை, கடலுதான் இருக்குது. இத்தனாம் பெரிய தண்ணி வத்துனா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

அப்படி ஒரு வழக்கம் எங்கள் மலையில் கிடையாது. அந்த நிமிஷம்தான் பிறந்தது.

மாணிக்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும். பொய் என்று தெரிந்தே ஏற்றுக்கொள்கிறவர்களின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"எங்க தேடலை, அதைச் சொல்லுங்க" என்றேன்.

"பார்ப் பக்கம் போகலை. கடலுக்கு அடியில பாறை. வலை போட்டா கிழிஞ்சுடும்."

"கெணத்துலயும் குடம் கல்லு இடுக்குலதானுங்க போயி மாட்டும். வலைதானே கிழியும்? இது கொக்கி."

"ஒம்போது பாகம் ஆழம் பெரிசு அங்க."

பாகம் என்றால் என்ன என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விரித்த கை ஒரு ஆள் உயரம். எங்கள் பக்கம் கிணற்றின் ஆழத்தை ஆள் கணக்கில்தான் சொல்வோம். ஒன்பது ஆள். எங்கள் கீழ்த் தோட்டத்துக் கிணறும் ஒன்பது ஆள்தான். என் கைக்குப் பழகிய ஆழம்.

பாயும் நானும் படகில் ஏறினோம். அலையைத் தாண்டுவதற்குள் நான் ஏழு வயதில் தின்ற கேழ்வரகுக் களியைக்கூட வெளியே எடுத்துவிட்டேன். பார் வந்ததும் மாணிக்கம் இஞ்சினை நிறுத்தினார். கயிற்றை நானே வாங்கிக்கொண்டேன். கரண்டியைத் தரையில் தட்டவிட்டு, ஒரு சாண் தூக்கி, மெல்ல இழுக்கவேண்டும். கல் என்றால் கையில் கரகரப்பு வரும். மண் என்றால் ஒன்றும் வராது. பொருள் மாட்டினால் கயிறு ஒரு தரம் பெருமூச்சு விட்டதுபோல் கனக்கும்.

உச்சி வெயிலில் கனத்தது.

நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்தது மூன்று பேர் உட்காரும் இருக்கை. கம்பி வளைந்து, துணி கிழிந்திருந்தது. இரண்டு இடம் காலி. சன்னலோர இடத்தில் வாரைப் போட்டபடி ஒருவர் இருந்தார். மாணிக்கம் சட்டென்று தன் லுங்கியை உருவி அந்த முகத்தின் மேல் போட்டார். ஆனால் அதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

பாய் முழங்காலில் நகர்ந்து போய், சட்டைக் காலரை மட்டும் திருப்பினார். உள்ளே தையற்காரர் பட்டி இருந்தது. பைசல் டெய்லர், காளப்பநாயக்கன்பட்டி. ரம்ஜானுக்குப் பாயே துணி எடுத்துத் தைத்து மலேசியாவுக்கு அனுப்பிய சட்டை. அந்தப் பட்டியை இரண்டு விரலில் பிடித்தபடி, "வாடா ரமீசு, ஊட்டுக்குப் போலாம்" என்றார். கரைக்கு வந்ததும் மாணிக்கம் கரண்டியை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். நான் குண்டானைக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரி, காகிதம், கையெழுத்து எல்லாம் முடிந்து மறுநாள் முற்பகலில் காளப்பநாயக்கன்பட்டிக்கு வண்டி வந்தது. பெட்டியை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். திறக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். தெரு நிறையக் கூட்டம். பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆனால் உள்ளேயிருந்து ஒரு சேதி வந்தது. மூடிய பெட்டிக்குள் இருப்பது யார் என்று தனக்குத் தெரியாது, யாரோ ஒருவருக்காகத் தான் இத்தா உட்கார முடியாது என்று நஜிமா சொல்லிவிட்டாள்.

பாய் போய்ப் பேசினார். பேச முடியாமல் திரும்பி வந்தார். "உங்களைக் கூப்புடுது கவுண்டரே" என்றார்.

உள்ளே போய், கட்டியிருந்த திரைக்கு முன்னால் நின்றேன். வாழ்நாளில் ஒரு தரமாவது என்னை நம்பவேண்டிய ஒருவர் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நானோ நான்.

"நீங்க பாத்தீங்களா மாமா?" திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அழுத குரல் அல்ல. மண்டியில் எடை கேட்கிற குரல்.

"பாத்தேன் கண்ணு... அது... பாத்தேன்."

"எப்படித் தெரியும் அவங்கதான்னு?"

"சட்டை... காலரு. உள்பக்கம், அதென்ன... பட்டி. பைசலு தச்சது. பாய்தான் திருப்பி... நான் வந்து... பக்கத்துல இருந்தேன் சாமி. அவன்... அவன்தான்."

என் நாக்கே எனக்குப் பகையாகி நின்றது. பலாப்பழத்தை எழுபது வளைவு உருட்டிய நாக்கு ஒரு சட்டைக் காலரைச் சொல்ல முடியாமல் திக்கியது. கெட்டது காரியம், நம்ப மாட்டாள் என்றே நினைத்தேன்.

திரைக்குப் பின்னால் கண்ணாடி வளையல் ஒரு தரம் குலுங்கியது.

"முகம் எப்படிங்க இருந்துச்சு?"

"தூங்கற மாதிரி கண்ணு" என்றேன். "நம்ம மலைப் பஸ்ஸுல சன்னல்ல தலையைச் சாச்சுக்கிட்டுத் தூங்குவானே, வளைவுக்கு வளைவு தலை முட்டுனாலும் முழிக்காம, அதே தூக்கம். மீசையில ஒரு மயிர் கலையலை. உதட்டோரத்துல லேசாச் சிரிப்புக்கூட. பக்கத்துச் சீட்டுக்காரன் ஏதோ கதை உட்டிருப்பான், இவன் அதைவிடப் பெருசா ஒண்ணு உட்டுட்டு, அசதியில கண்ணை மூடுன மாதிரி."

திரை லேசாக அசைந்தது. அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"அவங்க ஒண்ணு சொல்லுவாங்க மாமா. செங்கோட மாமாவுக்குப் பொய்யின்னா தண்ணி மாதிரி வரும், நெசம் பேசோணுமுன்னாத்தான் நாக்குத் தட்டுமுன்னு."

ரமீஸ் என்னைச் சரியாக எடை போட்டு வைத்திருந்தான்.

"சட்டையைச் சொல்றப்பத் தட்டுச்சுங்க" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "முகத்தைச் சொல்றப்பத் தட்டலைங்க மாமா."

"கண்ணு..."

"இருக்கட்டுங்க. அப்படியே இருக்கட்டுங்க. யாராச்சும் கேட்டா நீங்க சொன்ன மாதிரியே நானும் சொல்லிக்கறேன்."

கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. உள்ளே பெண்கள் அழத் தொடங்கினார்கள். நான் வெளியே வந்து அபுதாஹிர் பாயிடம் தலையை ஆட்டினேன். நாலு பேர் பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் ஆண்கள் வரிசை கட்டி நின்றார்கள். நான் வேப்பமரத்தடியில் அவர்களுடைய செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தொழுகை நடந்தது.