வாசிப்புக் கட்டு

அந்தக் கார்டு வடிவின் புருஷன் பெருமாள்ராஜின் கையெழுத்தில் வந்திருந்தது. மூன்றே வரிகள். வடிவு நலமாக இருக்கிறாள். கோமு, அதாவது நான், ஒருநாள் கட்டாயம் கூடங்குளத்துக்கு வர வேண்டுமாம். அந்தக் கதை விஷயமாகப் பேச வேண்டுமாம். மூன்றாவது வரியை மறுபடி படித்தேன். இரண்டு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான்.

சேரன்மகாதேவியில் பார்வதியம்மாள் வீட்டுப் பட்டாசலில், அந்த முன்கூடத்தில், நாங்கள் ஒன்பது பேர் பீடி சுற்றுவோம். பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். இலை வெட்டி முடித்து எல்லோரும் மடியில் முறம் போன்ற சுளவோடு உட்கார்ந்ததும், டீச்சர் வீட்டிலிருந்து வாங்கி வந்த வாரப் பத்திரிகையைப் பிரித்து நான் தொடர்கதை வாசிக்க வேண்டும். வாசிக்கிறவள் பீடி சுற்ற முடியாதே, அதனால் ஆளுக்கு ஒரு கட்டு, இருபத்தைந்து பீடி, முதலிலேயே என் சுளவில் போட்டுவிடுவார்கள். அதற்கு வாசிப்புக் கட்டு என்று பேர். இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார். வீட்டுக்காரி என்றும் பாராமல் பார்வதியம்மாளையே ஒருநாள் கட்டு வரும்வரை காக்க வைத்திருக்கிறேன்.

அந்த வருஷம் ஓடியது ஒரு சரித்திரத் தொடர். முத்துக்குளித்த காலத்துக் கதை. செண்பகவல்லி என்ற ஏழைப் பெண் கடலோரப் பாறைமேல் தனியாக நிற்கும் ஒரு கல்மாளிகைக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். புருஷன் கப்பல் தலைவன், சிரிக்கவே மாட்டான். மாடியில் ஓர் அறை எப்போதும் பூட்டிக் கிடக்கும், ஆனால் அந்தியானால் அதற்குள் விளக்கு எரியும். எங்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர். முங்கி எழுந்து, ஈரத்துணியைப் பிழிந்துவிட்டு பஸ் பிடிக்கிற கடல். பாறையில் அறைகிற, ஆளைக் கூப்பிடுகிற கடலைப் பற்றி வாசிக்க வாசிக்க எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. எங்களைச் சுற்றி இருந்ததெல்லாம் வாய்க்காலும் வயலும்தான், அதிலும் எந்த மடை எப்போது திறக்கும் என்பது முன்னாலேயே தெரியும். பூட்டி வைக்க ஓர் அறைதான் எங்கள் வீடுகளில் ஏது? ஒரே அறையில் அம்மா, அண்ணன், மதினி, பீடி இலை எல்லாம். சுடலைவடிவு மட்டும் கையை நிறுத்திவிட்டு, அந்த அறைக்குள் என்னதான் இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

கடைசி வாரம் வரப்போகிற நேரத்தில் டீச்சருக்கு மாற்றலாகிவிட்டது, இதழ் கிடைக்கவில்லை. பட்டாசலுக்குள் நுழைந்தால் எட்டுக் கட்டும் என் சுளவில் கிடந்தன. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு பழைய இதழை விரித்து வைத்துக்கொண்டு கதையை நானே முடித்தேன். செண்பகவல்லி பூட்டை உடைக்கிறாள். உள்ளே ஒரு ஜன்னல் தவிர எதுவும் இல்லை. அஸ்தமன வெயில் அதில் விழுந்ததைத்தான் விளக்கு என்று நினைத்திருக்கிறார்கள். அறையைப் பெருக்கி, கடலைப் பார்க்க ஒரு பாயை விரித்து, அதைத் தன் அறையாக்கிக்கொள்கிறாள். சுபம்.

இரண்டு மாதம் கழித்து, கடையில் கருப்பட்டி சுற்றிக் கொடுத்த தாளில் உண்மையான முடிவு வந்து சேர்ந்தது. அறைக்குள் மூத்த தாரத்தின் எலும்புக்கூடு. செண்பகவல்லி பாறையிலிருந்து கடலில் குதித்துச் செத்துப்போகிறாள். நான் அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். அடுத்த வாரமே வடிவுக்குக் கூடங்குளத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கொத்தனார். குடிதண்ணீருக்கே அங்கே திண்டாட்டம் என்று அவள் அம்மா தயங்கினாள். அதற்கு முன் வந்த இரண்டு வரன்களை வேண்டாம் என்றிருந்த வடிவு, இதற்கு ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "கடல் இருக்குல்லா." எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

வள்ளியூரில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் கால் வைத்த இடமெல்லாம் மணல், சுற்றிலும் பனை. காற்று கதவை அடித்துக்கொண்டே இருந்தது. வடிவு கறுத்து மெலிந்திருந்தாள். அவள் கொடுத்த தண்ணீர் கரித்தது. அதைக் குடித்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏட்டி வடிவு, அந்தச் செண்பகவல்லி கடல்ல விழுந்து செத்துட்டா. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அவள் முகம் மாறவில்லை.

"செத்தது தெரியாது. நீ உண்டாக்கிச் சொன்னது தெரியும். அன்னைக்கு நீ பக்கத்தத் திருப்பவே இல்லயேட்டி."

வாசிக்கத் தெரியாதவள் என்று நான் நினைத்தவள், என் விரலையே வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தெரிந்துமா இங்கே வந்தாய் என்று கேட்டேன். அவள் என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். உப்புக்காற்றுக்குப் பயந்து இந்தப் பக்கம் யாரும் கடலைப் பார்த்து ஜன்னல் வைப்பதில்லையாம். முதல் வருஷம் அழுகையிலேயே போயிருக்கிறது. ஒருநாள் புருஷனிடம் அந்தக் கதையைச் சொன்னாளாம். அவர் சிரித்துக்கொண்டே கரண்டியும் சிமெண்டுமாக வந்து சுவரை உடைத்தாராம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். கம்பியில் அதற்குள் துரு ஏறியிருந்தது. அதற்கு அப்பால் பனைகளும் கரும்பாறையும் தெரிந்தன. பாறைக்கு அந்தப் பக்கம் கடல் கிடந்தது.

"அந்தக் கப்பல்காரன் மாதிரி இல்லட்டி இவரு. எதுக்கெடுத்தாலும் சிரிக்குதாரு. அதான் கஷ்டம்" என்றவள், ஜன்னல் கம்பியின் துருவைச் சுரண்டிக்கொண்டே, "அன்னைக்கு நீ அவளக் கொன்னிருந்தா நான் இங்கன என்ன செஞ்சிருப்பேன்? நல்லா இருப்பட்டி நீ" என்றாள்.

நான் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். டீச்சருக்கு மாற்றல் போட்ட மகராசன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்து பேர் சுளவுகளோடு வந்து உட்கார்ந்தார்கள். இங்கும் பீடிதான். வடிவு இவர்களுக்குச் செண்பகவல்லி கதையை மூன்று தடவை சொல்லி முடித்துவிட்டாளாம். பாய் விரித்து உட்கார்ந்தவள் அப்புறம் என்ன செய்தாள் என்று கேட்டுத் துளைக்கிறார்களாம். அதற்குத்தான் அந்தக் கார்டு.

கையில் இதழ் எதுவும் இல்லையே என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. வடிவு தன் சுளவைத் தட்டிச் சுத்தம் செய்து என் மடியில் வைத்தாள். முதல் பெண் எட்டி ஒரு கட்டைப் போட்டாள். பிறகு அடுத்தவள். ஆறாவதாக வடிவு தன் கட்டை வைத்துவிட்டு, ஜன்னலின் இரண்டு கதவுகளையும் நன்றாகத் திறந்து, காற்றில் மூடாமல் இருக்க ஒரு கல்லை அண்டக் கொடுத்தாள்.