படகு தன்னிடமிருந்து முப்பது அடி தள்ளி நிற்க வேண்டும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு போர்டைப் பார்த்துப் பிறந்தது. மாரிக்குப்பம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டியதும் ஒரு வறண்ட பள்ளத்தின் கரையில் அது நின்றது: ‘உல்லாசப் படகில் செல்வோர் கவனத்திற்கு.’ கீழே பதினோரு விதிகள். படகு இல்லை. தண்ணீரும் இல்லை. இரண்டு ஆடுகள் விதிகளுக்கு உட்பட்டு மேய்ந்துகொண்டிருந்தன.

(இதுவும் பொய். போர்டு கிடையாது. வேர்க்கடலை மட்டும் உண்மை.)

ஆனால் இல்லாத போர்டு மனதில் நின்றுவிட்டது. படகில்லாத ஊரில் படகுக்குச் சட்டம் எழுதியது யார்? கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களாகத்தான் இருக்கும். ஆபத்து வருவதற்கு முன்னாலேயே அதற்கு விதி எழுதி ஆணியில் மாட்டுகிறவர்கள் அவர்கள்.

2

தொடக்கம், முதல் வரைவு:

‘அந்திச் சூரியன் ஏரியின் மீது தன் தங்கக் கரங்களை—’

அடித்துவிட்டேன். சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஊருக்கே வராத தங்கம் என் வாக்கியத்துக்கு மட்டும் எப்படி வரும்?

இரண்டாம் வரைவு: ‘பாண்டுரங்கன் ஓர் அன்னத்தை வாங்கினார்.’

இது தேவலை. பாண்டுரங்கனுக்கு ராபர்ட்சன்பேட்டையில் பாத்திரக் கடை. வாங்கிய குடத்தில், சொம்பில், குர்ரென்று சத்தம் போடும் மெஷினால் பெயர் வெட்டிக் கொடுப்பார். அவர் வாங்கியது ஃபைபர் அன்னம். இரண்டு பேர் உட்கார்ந்து பெடல் மிதிக்கிற படகு. மூடிப்போன ஏதோ ரிசார்ட்டிலிருந்து மினி லாரியில் வந்தது. வழியில் ஒரு புளியமரக் கிளை இடித்துக் கழுத்து திரும்பிவிட்டது. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டது போலவே அது எப்போதும் பார்க்கும்.

ஏன் வாங்கினார்? இருபத்தாறு வருடத்துக்கு முன், கல்யாணமான புதிதில், மனைவி வள்ளியோடு ஊட்டிக்குப் போனார். படகுத் துறையில் நீள வரிசை. இவர்களுக்கு முன் நாலே பேர் பாக்கி. அப்போது பார்த்து ஒரு குக்கர் மொத்த வியாபாரி கண்ணில் பட்டார். “தோ வந்துட்டேன்” என்று போனவர் திரும்பியபோது டூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

வள்ளி சண்டை போடவில்லை. அதுதான் வினை. அன்றிலிருந்து யார் வீட்டுத் தேனிலவுப் பேச்சு வந்தாலும், “நாங்களும்தான் ஊட்டி போனோம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் பாண்டுரங்கன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். பாத்திரக் கடைக்காரர் வீட்டில் குக்கருக்கா பஞ்சம்?

ஆக, கதையின் கேள்வி ஒன்றுதான். வள்ளி படகில் ஏறுவாரா, மாட்டாரா? மற்றதெல்லாம் என் வாய்ச் சவடால்.

3

படகு வந்துவிட்டது, ஏரி வேண்டுமே. கோரமண்டலுக்குப் பின்னால் நானே ஒன்றை வெட்டினேன். பம்ப்ஹவுஸ் ஏரி என்று பெயர் வைத்தேன்.* மழையும் நானே பெய்வித்தேன். ஆனால் பறவைகளை நான் எழுதவில்லை. அதுகளாக வந்தன. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வழக்கு வரும்.

* போனில் வரைபடம் திறந்து தேடாதீர்கள். தேடினால் ஆடுகள்தான் கிடைக்கும்.

‘உல்லாசமும் நடக்கணும், ஏரியும் கெடக் கூடாது. ரெண்டுக்கும் பொதுவா விதி எழுதி எடுத்து வாங்க’ என்று, படகு விட அனுமதி கேட்டுப் போன முனிசிபல் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வள்ளிக்குத் தெரியாமல் ஒரு கமிட்டி கூடியது. மூன்றே பேர். பாண்டுரங்கன். தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய்வரும் இந்து. லேப்டாப் இருந்த குற்றத்துக்காகச் செயலாளர் ஆனவள். மூன்றாவது சம்பங்கி. சாம்பியன் ரீப்ஸ் சுரங்க வாசலில் மணியடித்து, கேஜ் என்கிற லிப்டுக் கூண்டில் ஆள் ஏற்றி இறக்கியவர். இப்போது பென்ஷன். ஏற்றி இறக்க ஆளில்லாமல் கை அரித்துக்கொண்டிருந்தது.

“மொதல்ல டோக்கன்,” என்றார் சம்பங்கி. “ஷாப்ட்ல எறங்குறவன் டோக்கன எடுத்துகினு போவான். மேல வந்தா ஆணில மாட்டுவான். ஒரு ஆணி காலியா இருந்தாலும் ஷிப்ட் முடியாது. யாரும் வூட்டுக்குப் போவக் கூடாது.”

“படகுல ரெண்டே பேரு அங்கிள். பாத்தாலே தெரியுமே,” என்றாள் இந்து.

“ஆளுக்குன்னு யாரு சொன்னா? பறவைக்கு!”

இப்படித்தான் எவர்சில்வரில் ஒன்பது டோக்கன்கள் வந்தன. பாண்டுரங்கன் மெஷினில் பெயர் வெட்டினார். நாமக்கோழி ஆறு, மடையான் இரண்டு, முக்குளிப்பான் ஒன்று. படகு போய்வந்ததும் ஒவ்வொரு பறவையாகப் பார்த்து, அதனதன் டோக்கனை ஆணியில் மாட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் படகு பயமுறுத்திவிட்டது என்று அர்த்தம். படகுக்கு ஒரு வாரம் லீவு.

முக்குளிப்பானுக்கு ஹரோல்ட் என்று பெயர் வைத்தவர் சம்பங்கி. “எங்க ஷிப்ட்ல ஹரோல்ட்னு ஒருத்தன். இந்த ஷாப்ட்ல எறங்குவான், வேற ஷாப்ட்ல ஏறி வூட்டுக்குப் போயிடுவான். இதுவும் இங்க முங்கி அங்க எழுவுது பாரு. அவனேதான்!”

4

விதிகள் எழுத நாலு மாதம் ஆயிற்று. (அவர்கள் தாமதிக்கவில்லை. எனக்குத்தான் மூன்றாம் பகுதிக்குப் பிறகு ஒரு வரி ஓடவில்லை.) அதுவரை அன்னம் கரையோரக் கோரையில் கட்டிக் கிடந்தது. எல்லா விதிகளையும் தந்தால் கொட்டாவி விடுவீர்கள். சில மட்டும்:

விதி 2: மணி மூன்று தடவை அடித்தால் ஆள் ஏறலாம். ஒரே தடவை அடித்தால் நிறுத்து.

விதி 3: ஏரியில் நட்ட குச்சியின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் படகு கிடையாது. சேறு கலங்கினால் மீன் சாகும்.

விதி 4: கூட்டிலிருந்து முப்பது அடிக்குள் படகு வரக் கூடாது.

விதி 6: படகில் வெடிமருந்து கொண்டுபோகக் கூடாது. (பழைய பழக்கம். “இருந்துட்டுப் போவட்டும்,” என்றார் சம்பங்கி.)

விதி 9: பறவைகளுக்குப் பொரி போடக் கூடாது.

ஆபீசில் முத்திரை விழுந்தது. மறுநாள் காலை பாண்டுரங்கன் படகைத் துடைக்கப் போனார். போன வேகத்தில் திரும்பி ஓடி வந்தார்.

“அண்ணா! ஹரோல்ட் முட்ட போட்டுட்டான்!”

படகின் வால் பக்கம், சுக்கானோடு சேர்த்துப் பாசியும் கோரையும் குவித்த ஈரக் கூடு. உள்ளே நாலு முட்டை. ஒரு ஹரோல்ட் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. இன்னொரு ஹரோல்ட் பத்தடி தள்ளி எழுந்தது. இத்தனை நாளும் இங்கே முங்கியது ஒன்று, அங்கே எழுந்தது வேறொன்று.

சம்பங்கி இரண்டு ஹரோல்டையும் விரல் நீட்டி எண்ணினார். “அப்போ மைன்ஸ்லயும் ஹரோல்ட் ரெண்டு பேரா இருந்தானா?” என்றார்.

இந்து லேப்டாப்பைத் திறந்து விதி நாலைப் படித்தாள். “கூட்டுலருந்து படகு முப்பது அடி தள்ளி நிக்கணும். கூடு படகுலயே இருக்கு. அப்போ படகு தன்கிட்டருந்தே முப்பது அடி தள்ளி நிக்கணும். சக்கத்தா, செமயா மாட்டிக்கினோம் அங்கிள்.”

“கூட்ட தூக்கி அந்தாண்ட வெச்சிட்டு ஒரே ஒரு ரவுண்டு ணா,” என்று கெஞ்சினார் பாண்டுரங்கன். “வள்ளிக்காவ.”

“கீழ ஆள் கீறப்போ கேஜ எடுத்துகினு போவியா நீ?” என்றார் சம்பங்கி.

பாண்டுரங்கன் துடைக்கும் துணியை உதறி மடித்தார். முட்டை பொரிய இருபத்தொரு நாள். குச்சியில் கோட்டுக்கு மேலே பத்து விரல் தண்ணீர். வெயிலுக்குத் தினம் அரை விரல் போகிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

5

முடிவு, முதல் முயற்சி: ‘அன்றிரவு வீசிய காற்றில் கூடு—’

சரி, எழுதினேன். மறைக்கவில்லை. ஒரே வரியில் கூடும் முட்டையும் இரண்டு ஹரோல்டும் காலி. எழுத்தாளனுக்கு இது ஒரு சொடுக்கு வேலை. ஆனால் மறுநாள் சம்பங்கி டோக்கன் மாட்டும் பலகையைப் பார்த்தார். ஓர் ஆணி காலி.

“டோக்கன் கொறையுது. யாரும் வூட்டுக்குப் போவக் கூடாது.”

போகவில்லை. அடுத்த இரண்டு பக்கமும் மூன்று பேரும் கரையில் அப்படியே நின்றார்கள். இந்துவுக்கு ரயில் போயிற்று. பாண்டுரங்கன் கடை பூட்டிக் கிடந்தது. நான் வெயிலை ஏற்றினேன், பசியை வரவழைத்தேன், அசையவில்லை. வேறு வழியில்லாமல் பறவைகளைத் திரும்ப எழுதினேன். முட்டைகளை எண்ணி நாலு வைத்தேன்.

இந்து தலை நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். “அங்கிள், விதி பன்னெண்டு. ரைட்டரும் கூட்டுக்கு முப்பது அடி தள்ளித்தான் நிக்கணும். போட்டுக்கட்டுமா?”

“போடும்மா. மொதல்லயே போட்டிருக்கணும்,” என்றார் சம்பங்கி.

முத்திரையும் விழுந்துவிட்டது. நான் இப்போது ஒரு புங்க மரத்தடியில் நிற்கிறேன்.

6

முடிவு, இரண்டாம் முயற்சி: மழை.

வேண்டாம். கோலாரில் மாசி மாதம் கொட்டோ கொட்டென்று மழை பெய்தது என்று எழுதினால் நீங்களே புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

7

வள்ளிக்கு விஷயம் தெரிந்தது. (யார் சொன்னது என்று கேட்காதீர்கள். மினி லாரியில் அன்னம் வந்து நாலு மாதமாகிறது. ராபர்ட்சன்பேட்டையில் இவ்வளவு நாள் ரகசியம் தங்கியதே தெய்வச் செயல்.) நேரே ஏரிக்கு வந்தார். இடுப்பில் கை வைத்து அன்னத்தைப் பார்த்தார்.

“இன்னாது இது, வாத்தா?”

“அன்னம்,” என்றார் பாண்டுரங்கன் சன்னமாக. “உனக்குத்தான். ஊட்டில... அன்னிக்கி...” பிறகு கூட்டைப் பற்றியும், விதி நாலைப் பற்றியும், குச்சியைப் பற்றியும் ஒரே மூச்சில் கொட்டினார். கண் கலங்கியிருந்தது. இவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது.

வள்ளி அழுவார் என்று ஒரு பத்தி தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

“எனக்கு முன்னால நாலு முட்ட. அவ்ளோதானே?” என்றார். “அன்னிக்கும் நாலு பேருதான் இருந்தாங்க. நான் லைன்லதான் நின்னேன். நீங்கதான் போயிட்டீங்க. இந்த வாட்டி நீங்களும் நில்லுங்க.”

அன்று மாலையிலிருந்து இருவரும் வரிசையில் நின்றார்கள். கூட்டிலிருந்து முப்பது அடி தள்ளி, ஒருவர் பின் ஒருவராக. ஏரிக்கரையில் வேறு ஆளே இல்லை, ஆனாலும் வரிசை வரிசைதான். தினமும் ஒரு மணி நேரம். வள்ளி முன்னால், டிபன் பாக்ஸோடு பாண்டுரங்கன் பின்னால். அன்னம் கழுத்தைத் திருப்பி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள் நான் ஒரு சின்னத்தனம் செய்தேன். எதிர்க் கரையில் ஒரு குக்கர் மொத்த வியாபாரியை நடக்கவிட்டேன். கையில் பையோடு, நல்ல ஆர்டர் பேசுகிற முகத்தோடு. பாண்டுரங்கன் பார்த்தார். கால் ஒருமுறை தூக்கி இறங்கியது.

“போறதுன்னா போங்க,” என்றார் வள்ளி, திரும்பாமல்.

“யாரு அது? எனக்கு யாரையும் தெரியலயே,” என்றார் பாண்டுரங்கன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வியாபாரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

8

இன்று இருபத்தொன்றாம் நாள்.

மூன்று குஞ்சுகள் பொரிந்துவிட்டன. வரிவரியான தலையோடு பெரிய ஹரோல்டின் முதுகில் ஏறி ஏரியைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இந்த ஏரியின் முதல் உல்லாசச் சவாரி அவர்களுடையதுதான். நாலாவது முட்டை பாக்கி. காலையில் அது ஆடியது என்கிறாள் இந்து. குச்சியில் தண்ணீர் கோட்டின் மேலா கீழா என்று சம்பங்கி குனிந்து பார்க்கிறார். அவருடைய ஒரு கை மணிக்கயிற்றில் இருக்கிறது. ஒன்றா, மூன்றா?

எனக்குத் தெரியவில்லை. முப்பது அடியிலிருந்து முட்டையும் தெரியாது, கோடும் தெரியாது. விதி பன்னிரண்டு. ஏற்கெனவே ஒருமுறை குற்றம் செய்தவன் நான்.

காலையில் பாண்டுரங்கன் வந்து ஒரு டோக்கனை என் கையில் திணித்தார். “சும்மாதானே நிக்கிறீங்க ரைட்டர் சார், இத்த புடிங்க.” புது எவர்சில்வர். சுற்றிலும் பூ வேலை போட்டு, நடுவில் ‘வள்ளி’ என்று வெட்டியிருந்தார்.

எழுத்தாளனைப் பற்றி விதி இருக்கிறது. உங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. இந்து மறந்துவிட்டாள். அதனால் இந்தாருங்கள், நீங்கள் பிடியுங்கள். மெதுவாக நடந்து போய், முட்டையையும் பாருங்கள், குச்சியையும் பாருங்கள். சரி என்றால் வள்ளியின் கையில் கொடுங்கள், எடுத்துக்கொண்டு ஏறட்டும். கூடாது என்றால் ஆணியில் மாட்டிவிடுங்கள். அடுத்த மழைக்கு அவர்கள் இதே வரிசையில் நிற்பார்கள். இப்போது நிற்கப் பழகிவிட்டது, இருவருக்கும்.

பொரி எடுத்துப் போகாதீர்கள். அதிக நேரமும் யோசிக்காதீர்கள். டோக்கன் போய்ச் சேராமல் சம்பங்கி ஒருத்தரையும் வீட்டுக்கு விட மாட்டார். எனக்கு ஐந்தரை ரயிலைப் பிடிக்க வேண்டும்.