கல் மாதிரி ஒரு பெடல்

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பத்துக்கு அண்ணி பட்டறை வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கியதும் முன் பம்பரைக் காட்டினாள். இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் போயிருந்தது.

"ஆஸ்பத்திரி கேட் தூண். நேத்து காலையில. மெதுவாத்தான் போனேன். மிதிச்சேன், நிக்கல."

"நிக்கவே இல்லையா?"

"நின்னுச்சு. தூண்ல."

பட்டறைக்காரி அவளுடைய நாத்தனார். வீட்டில் எல்லோருக்கும் அவள் ஸ்பேனர். பிரேக் வேலை மட்டும்தான் செய்வாள். பத்து நாளைக்கு முன்புதான் இந்தக் காரில் கை வைத்திருந்தாள். பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது, காலுக்குக் கெட்டியாக வேண்டும் என்று அண்ணன் ஒரு மாதம் உயிரை எடுத்தான். பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கழற்றிவிட்டு ஸ்டீல் வலை போர்த்தியவற்றைப் போட்டாள். பழைய பிரேக் ஆயிலை வடித்துப் புதியது ஊற்றினாள். அதிலேயே பெடல் தேறிவிட்டது. அண்ணனுக்குப் போதவில்லை. கடைசியில் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினாள். பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது அதுதான். புதியது இரண்டு மில்லிமீட்டர் அகலம் கூடுதல். அண்ணன் மிதித்துப் பார்த்துவிட்டு, "கல் மாதிரி இருக்கு" என்றான். புது பொம்மை கிடைத்த முகம்.

"அண்ணன் என்ன சொல்றான்?"

"எனக்கு இன்னும் கால் பழகலையாம். திங்கக்கிழமையிலேர்ந்து பழையபடி அவரே கொண்டுபோய் விடறாராம்."

அண்ணிக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறு மணி ஷிப்ட். பதினோரு வருஷம் அண்ணன்தான் கொண்டுபோய் விட்டான். வேலை முடிந்து, அவன் வரும்வரை அவள் கேட்டருகே நிற்பதும் பதினோரு வருஷம் நடந்தது. மூன்றாவது தடவையில் லைசென்ஸ் வாங்கி, மூன்று மாதமாகத்தான் தானே ஓட்டிப் போகிறாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. தப்பு என் கால்லயா, வண்டியிலயா? கால்லன்னா நானே சாவியைக் குடுத்துடறேன். அப்புறம் பேச்சே இல்ல."

ஸ்பேனர் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தாள். ஆணி அடித்த மாதிரி நின்றது. ஜாக்கி போட்டு நான்கு சக்கரத்தையும் பார்த்தாள். எங்கும் ஒழுகவில்லை.

"வண்டி நல்லாத்தான் இருக்கு, அண்ணி."

அண்ணி கைப்பையைத் திறந்தாள், எதையும் எடுக்காமல் மூடினாள்.

ஆனால் ஸ்பேனரின் மண்டைக்குள் ஒன்று குடைந்துகொண்டிருந்தது. மூன்று மாதம் ஒழுங்காக மிதித்த கால், பத்து நாளில் எப்படி மறக்கும்?

"நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

இந்தத் தடவை ஸ்பேனர் சாலையைப் பார்க்கவில்லை. குனிந்து அண்ணியின் காலையே பார்த்தாள். அண்ணி குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் பெடலை அழுத்தினாள்.

"காலைத் தூக்கி மிதிக்க மாட்டீங்களா?"

"தூக்கினா முட்டி ஸ்டியரிங்ல இடிக்கும். என் உயரத்துக்கு சீட்டை இவ்வளவு முன்னாடி இழுத்தாத்தான் பெடலே எட்டும். உங்க குடும்பம் மாதிரி ஒட்டகக் காலா எனக்கு?"

பட்டறைக்குத் திரும்பியதும் ஸ்பேனர் பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து எடை பார்க்கும் மெஷினை இரவல் வாங்கி வந்தாள். அதைச் சுவரில் சாய்த்து, எதிரே நாற்காலி போட்டாள். அண்ணி குதிகாலை ஊன்றி அழுத்தினாள். முள் இருபத்தொன்றில் நின்றது. ஸ்பேனர் உட்கார்ந்து முழுக் காலால் மிதித்தாள். அறுபதைத் தாண்டியது.

அவள் சாக்பீஸை எடுத்துத் தரையில் கணக்குப் போட்டாள். அகலமான சிலிண்டர் ஒரே மிதியில் அதிக ஆயிலைத் தள்ளும். அதனால் பெடல் கொஞ்சமாக இறங்கிக் கெட்டியாக நிற்கும். ஆனால் காலின் பலம் அகலத்தில் பரவி, அழுத்தம் குறையும். வண்டி முன்பு போல நிற்க, ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக மிதிக்க வேண்டும். முழுக் காலுக்கு அது ஒன்றுமே இல்லை. முன்பாதத்துக்கு அதிகம்.

அவளுக்குத் தெரியாத கணக்கு இல்லை. யார் கார் வந்தாலும், வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள் என்றுதான் முதலில் கேட்பாள். அண்ணன் காராயிற்றே என்று கேட்காமல் விட்டிருந்தாள்.

"தப்பு என் கையில, அண்ணி."

அண்ணி தரையில் இருந்த கணக்கைக் குனிந்து பார்த்தாள். "இப்படி மூணாவதா ஒரு இடம் இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல" என்றாள்.

நான்கு மணிக்கு அண்ணன் வந்தான். ஸ்பேனர் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ரெண்டு பேரும் கூட்டு சேந்துட்டீங்களா? பிரேக்குன்னா அழுத்தி மிதிக்கணும். இதுக்குக் கணக்கு வேறயா?"

"கணக்கு வேண்டாம். நீயே ஓட்டிப் பாரு."

பட்டறைக்குப் பின்னால் காலி மைதானம். ஸ்பேனர் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு அப்பால் ஒரு காலி பெயின்ட் டப்பாவை வைத்தாள். அண்ணன் நாற்பதில் வந்து கோட்டில் மிதித்தான். டப்பாவுக்கு ஒரு முழம் முன்பாக நின்றது. கண்ணாடியை இறக்கி, "போதுமா?" என்றான்.

"இப்போ அண்ணி மாதிரி. குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது."

அவன் சிரித்துக்கொண்டே பின்னால் போனான். வந்தான். கோட்டில் மிதித்தான். டப்பா பம்பரில் இடிபட்டு, உருண்டு, காருக்கு அடியில் போய் நசுங்கியது.

அண்ணன் இறங்கிக் குனிந்து பார்த்தான். பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.

"இன்னொரு டப்பா வை" என்றான்.

அதுவும் நசுங்கியது. மூன்றாவதை யாரும் சொல்லாமல் அவனே போய் எடுத்து வைத்தான். அதற்கும் அதே கதி. ஏறி உட்கார்ந்து, நின்ற காரில் பெடலைக் குதிகால் ஊன்றி ஒரு தடவை, தூக்கி ஒரு தடவை என்று மாற்றி மாற்றி மிதித்தான். முகத்தில் கோபம் இல்லை. காதில் தண்ணீர் புகுந்தவன் போலத் தலையைச் சாய்த்திருந்தான்.

"கெட்டியாத்தானே இருக்கு" என்றான்.

"கெட்டியாத்தான் இருக்கு. கெட்டியா இருந்தா நல்லா நிக்கும்னு யார் சொன்னா?" என்றாள் ஸ்பேனர். "பழைய சிலிண்டர் உள்ள பெட்டியில இருக்கு. ஒன்றரை மணி நேர வேலை. ஹோஸும் ஆயிலும் புதுசா அப்படியே இருக்கட்டும். பெடல் பஞ்சாகாது. ஆனா கல்லாவும் இருக்காது."

அண்ணன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். "எனக்கு இந்தக் கார் இப்பத்தான் பிடிச்சிருந்துச்சு" என்றான்.

"போடவா, வேண்டாமா?"

"போடு."

அவன் இறங்கினான். சாவியைத் தங்கையிடம் நீட்டினான். அண்ணி குறுக்கே வந்து அவன் முன்னால் நின்றாள். சாவியைத் தொடவில்லை.

"அதைப் போட்டுட்டா, திங்கக்கிழமை நானே ஓட்டிட்டுப் போகலாம்தானேங்க?"