பதினோராம் எண்

டாக்டர் விகாத்தி அந்த ஜாவா கடலோர ஊருக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவதற்கென அவர் திறந்த அறைப்பக்கம் பெண்கள் தலைகாட்டவே இல்லை. ஆகவே, மாதந்தோறும் பெண்கள் கூடிச் சீட்டுக் குலுக்கும் அரிசானில் தாமும் சேர்ந்தார். தேநீரும் தெம்பே என்னும் வறுத்த சோயாக் கட்டிகளும் தீர்ந்ததும், எண்ணிட்ட பஞ்சுக்குச்சிகளைக் கொடுத்து, குளியலறையில் தாங்களே மாதிரி எடுக்கும் விதத்தை விளக்கினார். நாணமும் சிரிப்புமாக எல்லாரும் எடுத்துத் தந்தனர்.

அடுத்த கூட்டத்துக்குள் முடிவுகள் வந்துவிட்டன. பதினோராம் எண்ணில் மட்டும் கேடு விளைக்கும் வைரஸ் இருப்பதாகக் கூட்டத்தில் விகாத்தி சொன்னார். அது அரிசான் தலைவி முந்தியாவின் எண். தெம்பே விற்பவர், சந்தையைத் தம் குரலாலேயே ஆள்பவர்.

“அது என்னுது இல்ல, இபு டாக்டர்,” என்றார் முந்தியா, கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல்; ‘இபு’ அங்கே ‘அம்மா’ என்னும் மரியாதைச் சொல். “அரிசான்ல முறைய மாத்திக்குவோமில்ல, அது மாதிரி குச்சியையும் மாத்திக்கிட்டோம். யாருக்குக் குடுத்தேன்னு ஞாபகமில்ல.”

“எனக்குத்தான் குடுத்தீங்க அக்கா,” என்றாள் மீன் விற்கும் லஸ்மினி. “நான் அத வார்த்திகிட்ட தள்ளிவிட்டேன்.”

“நான் யார்கிட்ட தள்ளினேன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்,” என்றாள் வார்த்தி.

“அப்ப ஆபத்து யாருக்குன்னே தெரியல,” என்றார் விகாத்தி. “இப்படியே விட்டா பின்னால புத்துநோயா மாறலாம். நாளைக்கு எல்லாரும் வந்து காட்டிடுங்க.”

மறுநாள் ஒருத்திகூடத் தவறவில்லை. நீர்த்த வினிகரைத் தடவினால் பழுதுபட்ட இடம் வெளுக்கும் என்று டாக்டர் சொன்னதும், வார்த்தி லஸ்மினியின் இடுப்பில் இடித்தாள்.

“ஒன்ன வினிகர்ல ஊறப்போட்டாலும் மீன் வாடை போகாதுடி.”

“ஒன் வாயையும் சேத்து ஊறப்போடச் சொல்றேன் இரு.”

ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்வந்தனர். எவருக்கும் வெளுக்கவில்லை. காட்டி முடித்தவர்கள் வராந்தாவிலேயே நிற்க, பெஞ்சில் முந்தியா மட்டும் எஞ்சியிருந்தார். விகாத்தி அவரருகில் வந்து அமர்ந்தார்.

“வயல்ல ஒரு வாத்துக்குக் கால் நொண்டியாம். மரநாய் வந்து பாத்தப்ப, அதக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு எல்லா வாத்தும் நொண்டிச்சாம்.”

முந்தியா ஓரக்கண்ணால் பார்த்தார். “அப்ப நீங்க மரநாயா?”

“நான் நொண்டிக் காலுக்கு மருந்து போடறவ, அக்கா.”

வார்த்தி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா இதே நோவோட ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, திரும்பல,” என்றார் முந்தியா. “குச்சி என்னுதுதான்.”

“அவங்களுக்கு முத்தினப்புறம் தெரிஞ்சுது. ஒங்களுக்கு மொளைக்கும்போதே தெரிஞ்சிருக்கு.”

முந்தியா எழுந்து உள்ளே சென்றார். அரிசியளவே வெளுத்திருந்த இடத்தைக் குளிர்வாயுவால் உறையவைத்து, சற்று நேரத்தில் வேலையை முடித்தார் விகாத்தி. ஓராண்டு கழித்து மீண்டும் பார்த்தால் போதும் என்றார்.

“இவ்வளவுதானா?” முந்தியாவின் குரல் பழைய உயரத்துக்கு ஏறியது. “இதுக்கா ராத்திரி பூரா தூங்காம கெடந்தேன்?”

மாவட்டத்தின் மற்ற ஊர்களுக்கும் இதே முறையைக் கொண்டுபோகும்படி விகாத்திக்கு உத்தரவு வந்தபோது, முதல் ஊருக்குப் புறப்பட்ட வண்டியில் முந்தியா முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

“அங்கயும் குச்சிய மாத்திட்டோம்னு பொய் சொல்லுவாளுங்க, இபு டாக்டர். நீங்க கதை சொல்லி நேரத்த வீணாக்காதீங்க. மூஞ்சியப் பாத்தே நான் சொல்லிடுவேன்.”