கழுவிய கார்

“வலிக்குதா?”

“இல்ல.”

“அழுதா பரவால்ல.”

“நான் அழல. குளிருக்குக் கண்ணுல தண்ணி வருது.”

“சரி.”

“அம்மாகிட்ட சொல்லாத.”

“சரி.”

“நீ ஒண்ணும் எனக்கு அப்பா இல்ல.”

“சரி.”

என் மகள் சைமிக்கு அப்போது எட்டு வயது. யோர்மா அந்த வருடம்தான் என்னைக் கல்யாணம் செய்துகொண்டு, வடகோடிப் பனி ஊரான இவாலோவுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். காரின் சாவித்துளை உறைந்து கிடக்க, பள்ளிக்கு நேரமாகிறதே என்று சைமி அதில் வாயை வைத்து ஊதியிருக்கிறாள். உதடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறை செய்துவிட்டு, அதோடு விட்டுவிடுகிற காரியம் அது. யோர்மா தன் குடுவையிலிருந்த காப்பியை முதலில் உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பார்த்தார். பிறகு அவள் உதட்டோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு எடுத்தார். அதற்குப் பின் அவர்கள் பேசியதை நான் வாசற்கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அவளுடைய சொந்தத் தகப்பன் தெற்கே போனவன் போனவன்தான். யோர்மாவோ ஊருக்கெல்லாம் பனி தள்ளும் லாரி ஓட்டுபவர். ஊர் விழிக்கும் முன் எழுந்து போவார். போகும்போது எங்கள் காரின் கண்ணாடியைச் சுரண்டி, பூட்டு உறையாமலிருக்க மருந்தடித்துவிட்டுத்தான் போவார். சைமி படித்து முடித்து ஆம்புலன்ஸில் நர்ஸாகச் சேர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. ஆனால் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட, யாராவது கவனிக்கும்வரை காத்திருப்பார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. போகப் போக, இப்படி ஒரு மனிதர் என் வீட்டில் இருக்கிறார் என்று கர்வமே வந்துவிட்டது.

சைமிக்கும் எலியாஸுக்கும் பிப்ரவரியில் கல்யாணம். எங்கள் வழக்கப்படி மணப்பெண் அப்பாவோடும் தேவாலயத்துக்குள் நடந்து வரலாம், மாப்பிள்ளையோடும் வரலாம். சைமி எலியாஸோடு வருவதாக முடிவு செய்திருந்தாள்.

“யோர்மாவைக் கூப்பிடேன்டி,” என்றேன்.

“அம்மா, நாலு பேர் பார்த்தாலே அவருக்கு வேர்க்கும். நான் கேட்டா, புடிக்கலன்னாலும் ‘சரி’ன்னுதான் சொல்வாரு. அவரா வரேன்னு கேட்டா எனக்கு அதைவிட என்ன வேணும்? நீ உள்ள பூந்து சொல்லித் தராத. சத்தியம் பண்ணு.”

சத்தியம் செய்துவிட்டேன்.

சனிக்கிழமை சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது யோர்மா கேட்டார்: “சைமி யாரோட நடந்து வரா?”

“எலியாஸோட. ஏன், உங்களுக்கு ஆசையா?”

சூடான கற்களின் மேல் ஒரு கரண்டி தண்ணீரை வீசினார். ஆவி குப்பென்று எழுந்தது.

“ஆசைதான். ஆனா அப்பா இல்லேன்னு அன்னைக்கே சொல்லிட்டாளே?”

“எட்டு வயசுல சொன்னது!”

“சொன்னது சொன்னதுதானே.”

முகத்துக்கு முகம் பார்க்காத இடத்தில்தான் அவருக்கு இவ்வளவாவது பேச்சு வரும். சத்தியம் என் வாயைக் கட்டியது. இருவருக்கும் நடுவில் நான் ஒருத்தி எல்லாம் தெரிந்துகொண்டு தவித்தேன்.

கல்யாண நாளன்று குளிர் மைனஸ் முப்பதுக்கும் கீழே போயிருந்தது. சைமி வெள்ளை உடைக்கு மேல் என் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, காலில் கனத்த குளிர்ப் பூட்ஸோடு முற்றத்துக்கு வந்தாள். எங்கள் பழைய கார் கண்ணாடிபோல் பளபளத்தது. பக்கத்தில் யோர்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

“திறக்க மாட்டேங்குது.”

“எந்தக் கதவு?”

“நாலும்.”

சைமி காரைச் சுற்றி வந்தாள். “யோர்மா… காரைக் கழுவினியா?”

“நேத்து. கல்யாணக் காராச்சே.”

பக்கத்து வீட்டு ரைலி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தாள். “பனியில காரைக் கழுவறவன் முட்டாள்னு கடையில நின்னு பேசுவாரே, அந்த யோர்மாவைக் காணோமே?”

“அது வேற யோர்மா,” என்றார்.

“பூட்டுக்கு அடிக்கிற மருந்து?” என்றேன் நான்.

“காருக்குள்ள.”

ரைலி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எலியாஸின் கூட்டாளிகள் கல்யாணக் குறும்பாக உள்ளே பலூனையும் தகர டப்பாவையும் திணித்துவிடுவார்கள் என்று பயந்து, யோர்மா கழுவிய கையோடு மருந்தை உள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறார். கதவு இடுக்குகளிலும் பூட்டிலும் புகுந்த தண்ணீர் உறைந்துவிட்டது.

“என் காரை எடுத்துக்கிட்டுப் போங்க,” என்றாள் ரைலி.

“வேண்டாம் ரைலி அத்தை,” என்றாள் சைமி. “அக்டோபர்லேர்ந்து மே வரைக்கும் காருக்குத் தண்ணியே காட்டாத மனுஷன் எனக்காகக் கழுவியிருக்காரு. நான் இதுலதான் போவேன்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படியொரு பெருமை அதில். யோர்மா குனிந்து தன் கையுறையைத் தேவையில்லாமல் சரிசெய்தார்.

காரின் பின்னால் சாமான் ஏற்றும் கதவுக்குப் பூட்டு கெட்டு எத்தனையோ வருடம். மணப்பெண் முழங்காலில் போர்த்திக்கொள்ளக் கம்பளி வைக்கும்போது யோர்மா அதன் ஓரங்களை மட்டும் துடைத்திருந்தார். சைமி இழுத்ததும் திறந்துகொண்டது.

“நான் போறேன்,” என்றார் யோர்மா.

“உன் தோளு உள்ள மாட்டிக்கும். அப்புறம் உன்னையும் சேர்த்துத்தான் தேவாலயத்துல இறக்கணும்.”

கோட்டைக் கழற்றி என்னிடம் வீசினாள். பாவாடையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, பின்பக்கமாக ஏறி, இருக்கைகளின் மேல் தவழ்ந்து முன்னே போனாள். பூட்ஸ் கால்கள் இரண்டும் ஒரு கணம் கூரையைத் தொட்டன. ரைலிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

“உள்பூட்டைத் தூக்கிட்டேன். நான் உள்ளேர்ந்து உதைக்கிறேன், நீ வெளியேர்ந்து இழு!”

“சரி.”

யோர்மா கைப்பிடியை இரு கைகளாலும் பற்றினார். அவர்கள் இருவருக்கும் நடுவில் அந்த ஜன்னல் முழுக்க வெள்ளையாக உறைந்திருந்தது. உள்ளே இருப்பவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. அவர் முகம் அவளுக்கும் தெரிந்திருக்காது. உதை விழுந்தது. பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. கதவு அசைந்ததே தவிரத் திறக்கவில்லை.

“இன்னொரு தடவை!” என்று உள்ளிருந்து சைமி கத்தினாள். “இழுக்கிறியா?”

அவர் இழுக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே நெற்றியை அந்தக் கண்ணாடியில் சாய்த்தார். சவுனாவின் இருட்டில் உட்காரும்போது அவர் தோள்கள் இறங்குவதுபோல இப்போதும் இறங்கின. நான் கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

“யோர்மா? என்னாச்சு?”

“சைமி,” என்றார். பிறகு ரைலி வீடுவரை கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

“தேவாலயத்துல உன் கையைப் புடிச்சுக்கிட்டு நான் நடந்து வரட்டுமா?”