தெளிப்புக்கு வசனம் இல்லை

பாஸ்டர் வெள்ளைத்துரைக்கு எதை எடுத்தாலும் ஒரே கேள்விதான்: "வசனம் இருக்கா?"

பூ வைக்கலாமா? வசனம் இருக்கா? பொட்டு? வசனம் இருக்கா? கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டலாமா, மெழுகுவத்தி ஏற்றலாமா, சுவரில் சிலுவை மாட்டலாமா? எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. வேதத்தில் எழுதியிராத எதையும் சபையில் செய்யக்கூடாது என்பது அவர் கட்சி. திருத்தங்கலுக்கு வெளியே தகரக் கூரை போட்ட அவர் சபையில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன. அவற்றுக்கு என்ன வசனம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அந்தச் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது.

நான் அந்தச் சபைக்காரன் இல்லை. எந்தச் சபைக்காரனும் இல்லை. அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன். ஆடி முடிந்தால் எங்களுக்குக் காலண்டர் சீசன். காலை ஷிப்டில் முருகன் ஓடுவார், அடுத்த ஷிப்டில் இயேசு ஓடுவார், இரண்டு பேருக்கும் ஒரே மஞ்சள் மைதான். சபைக்குப் போனவள் என் மனைவி பத்திரகாளி. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவளுக்கு வேலை. அங்கே போர்மேன் முதல் வாட்ச்மேன் வரை அவளை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார்கள். சபையில் முதல் நாளே, "சகோதரி, முன்னால வந்து உக்காருங்க" என்றார்களாம். அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வசனக் காலண்டர் ஓட்டும்போது கலர் சேராத தாள்களைக் கழித்துப் போடுவோம். அடுப்பெரிக்க ஆகும் என்று நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவள் எரிக்க மாட்டாள், உட்கார்ந்து படிப்பாள். பிறகு சொந்தமாகவே வேதப் புத்தகம் வாங்கி, தொடக்கத்திலிருந்து கடைசி வரை போய், மறுபடியும் தொடக்கத்துக்கு வந்தாள். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போவாளாம்.

அந்த வருஷம் சித்திரையில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தாள். எடுக்கும் அன்று பாஸ்டர் புதுப் பெயர் வைப்பார். அதுவரை சபையில் அவள் வெறும் சகோதரிதான். பத்திரகாளி என்று கூப்பிட அவர்களுக்குக் கூச்சம். ஞானசுந்தரி என்ற பெயரை அவளே தேர்ந்து வைத்திருந்தாள். சில நேரம் அடுப்படியில் தனக்குத்தானே அதைச் சொல்லிப் பார்ப்பாள். நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்தால் வெட்கப்படுவாள்.

சபைக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி உண்டு. அதில் ஆளை முழுசாக முக்கி எடுக்க வேண்டும். தலையில் தெளிப்பதெல்லாம் மனுஷன் உண்டாக்கிய பழக்கம், அதற்கு வசனம் இல்லை. ஒரு கை வெளியே தெரிந்தாலும் பாஸ்டர் மறுபடி முக்குவார். ஆனால் எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருவதே அத்திபூத்தாற்போலத்தான். அந்தக் கோடையில் சபையின் போர்வெல் தண்ணீரும் கீழே போய்விட்டது. லாரி வைத்து நிரப்பினால், குடிக்கவே இல்லாத ஊரில் முங்குவதற்குத் தண்ணியா என்று தெருவே கூடிவிடும். "மழை பெய்யட்டும் சகோதரி, கர்த்தர் தொட்டியை நிரப்புவார்" என்றார் பாஸ்டர். அவள் சரியென்று காத்திருந்தாள்.

எங்கள் ஊரில் முழுக்கு என்றால் சாவு வீட்டுக்குப் போய் வந்து தலையில் ஊற்றிக்கொள்வது. ஒருவரை வேண்டாம் என்று விட்டுவிட்டாலும் தலைமுழுகிவிட்டான் என்போம். பத்திரகாளி எங்களைத் தலைமுழுகிவிட்டாள் என்று ஆமத்தூரில் அவள் அண்ணன்மார் பேசிக்கொண்டு திரிந்தார்கள். அவள் எங்கே முழுகினாள்? தண்ணீருக்கே வழியில்லாமல் அல்லவா உட்கார்ந்திருந்தாள்.

புரட்டாசியில், தீபாவளி லோடு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் அங்கேயே போய்விட்டார்கள். பக்கத்து அறையில் இருந்த பத்திரகாளி போகவில்லை. போயிருக்கலாம் என்று நான் நினைத்த நேரமும் உண்டு, மறைப்பானேன்.

மதுரையில் தீக்காய வார்டில் வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே பார்க்க முடியவில்லை. நெற்றி மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. பொட்டு வைத்துப் பல வருஷமான அந்த நெற்றி சுத்தமாக இருந்தது. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, அதிக நாள் தாங்காது என்றார். புண்ணில் தண்ணீர் படவே கூடாது என்றும் சொன்னார்.

நான் உள்ளே போனதும் அவள் கேட்டது வலிக்கு மருந்து இல்லை.

"ஏங்க, நான் முழுகலையே. என்னைய உள்ள விடமாட்டாகளே."

பரலோகத்தைச் சொல்கிறாள். முழுகாதவனுக்கு அங்கே வாசல் இல்லை என்று பாஸ்டர் வாரந்தோறும் அந்த ஸ்பீக்கர் பெட்டிகளில் முழங்கியதுதான். மேலெல்லாம் வெந்து கிடக்கிறவள், செத்த பிறகு மறுபடி நெருப்பா என்று நடுங்கினாள். அந்த நடுக்கத்தை நான் கண்ணால் பார்த்தேன். சாமி உண்டா இல்லையா என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. இவள் இந்தப் பயத்தோடு போகக்கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பாஸ்டர் வந்தார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல முடியாது. முழங்கால் போட்டு அழுது ஜெபித்தார், வார்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, நெத்தியில ரெண்டு சொட்டு தண்ணி வச்சு, ஞானஸ்நானம் ஆயிருச்சுன்னு சொல்லிருங்க. அவளுக்கு அது போதும்."

"தம்பி, தெளிக்கிறதுக்கு வசனம் இல்லையே."

"சிலுவையில பக்கத்துல தொங்குனானே கள்ளன், அவன் எந்தத் தொட்டியில முங்குனான்? அவனுக்கு இயேசு பரலோகத்துல இடம் கொடுக்கலையா?" இதெல்லாம் அவள் சொல்லிக் கேட்ட கதைதான்.

"அது சபை உண்டாகுறதுக்கு முந்தி தம்பி. அந்தக் கணக்கு வேற."

"சரி, வேதத்துலயே ஜெயில் அதிகாரி ஒருத்தர் வீட்டோட ராவோட ராவா ஞானஸ்நானம் எடுத்தாரே. அங்க தொட்டி எங்கன இருந்துச்சு?"

"இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்னா, அதுக்கு வசனம் இருக்கா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஒருத்தருக்காக உபதேசத்த வளைக்க முடியாது தம்பி. நீங்க விசுவாசியா இருந்தா புரியும். சகோதரி சுகமாகி வரட்டும், நானே முழுக்குக் கொடுக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார். சுகமாகி வரட்டுமாம். டாக்டர் சொன்னதை அவரிடமும் சொல்லியிருந்தேன்.

நானும் விடவில்லை. விருதுநகரில் பழைய சபை ஒன்றின் போதகர் ரத்தினசாமியைத் தேடிப் போனேன். அங்கே தெளித்துத்தான் கொடுப்பார்கள். வயசானவர், சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பாதியில் எழுந்து கையைக் கழுவிவிட்டு என்னோடு பஸ் ஏறினார். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அவர் பையில் சின்னக் கிண்ணம் ஒன்று இருந்தது. தீர்ந்தது கவலை என்று அந்த பஸ்ஸில் எனக்குக் கொஞ்சம் தூக்கம்கூட வந்தது.

கிண்ணத்தைப் பார்த்ததும் பத்திரகாளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தெளிப்பா? வேண்டாம். அதுக்கு வசனம் இல்ல."

"அம்மா, ஆண்டவர் தண்ணிய அளந்து பாக்குறவர் இல்லம்மா" என்றார் பெரியவர்.

"வசனம் சொல்லுங்கய்யா."

அவர் நான்கைந்து இடங்களைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பாஸ்டர் கற்றுக்கொடுத்த பதில் இருந்தது. மூச்சு வாங்க வாங்க, ஒன்று விடாமல் பதில் சொன்னாள். பெரியவர் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தகரக் கூரையைப் பிய்த்து எறியலாம்போல இருந்தது. பாஸ்டர் மருந்து கொடுக்க மறுத்தார், அது ஒரு பாவம். மற்றவர் கொடுத்தாலும் இவள் வாங்க முடியாதபடி வாயைத் தைத்துவிட்டல்லவா போயிருக்கிறார்.

எத்தனை வருஷம் வசனம் அச்சடித்திருக்கிறேன். அந்த நடை எனக்கு அத்துப்படி. அவள் காதருகே குனிந்தேன்.

"காளி, பிரஸ்ல இந்த வருஷக் காலண்டர்ல ஒரு வசனம் ஓட்டுனோம். கேளு. 'வறண்ட தேசத்தாரே, உங்கள் நெற்றியின்மேல் விழும் ஒரு துளியை நான் சமுத்திரமாக எண்ணுவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்.'"

கண்ணை மூடிக் கேட்டாள். உதடு அசைந்தது, நான் சொன்னதை முணுமுணுத்துப் பார்க்கிறாள். நடுக்கம் நின்றது. பெரியவர் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டார். அப்படி ஒரு வசனம் இல்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"எங்கன இருக்கு அது?"

வேதத்தில், காலண்டரில் அதிகம் ஓடாத புத்தகத்தின் பெயராகப் பார்த்துச் சொன்னேன். "ஒபதியா. ரெண்டாம் அதிகாரம், நாலாம் வசனம்."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ஒபதியாவுல ஒரே ஒரு அதிகாரந்தாங்க" என்றாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. இருந்திருக்கலாம்" என்றாள்.

பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் என் விரலைத் தேடினாள்.

"எனக்காகப் பொய் சொல்லாதீக. நீங்களாவது பெறகு முழுகி, உள்ள போங்க."

மறுநாள் காலையில் இறந்துபோனாள். மறுபடி தொடங்கிய நடுக்கம் கடைசி வரை நிற்கவில்லை. தொட்டியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று யாரையாவது விட்டுக் கேட்கச் சொன்னாள். போன் போட்டேன். வரவில்லை என்றார்கள்.

அண்ணன்மார் சுடுகாட்டுக்கு இழுத்தார்கள். அவள் விருப்பம் என்று சொல்லிப் புதைக்க ஏற்பாடு செய்தேன். பாஸ்டர் சபையோடு திரண்டு வந்தார். வெள்ளைச் சேலைகளும் பாட்டுமாக எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெட்டியை இறக்கும்போது அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"கலங்காதீங்க தம்பி. சகோதரி இந்நேரம் ஆண்டவர் மடியில இருக்காங்க. சந்தேகமே வேண்டாம்."

"முழுகாமலா?"

"முழுகணும்னு மனசார ஆசப்பட்டாங்கள்ல? ஆண்டவர் இருதயத்தப் பாக்குறவர் தம்பி. அதுக்கு வசனம் இருக்கு." புத்தகத்தைத் திறந்து படித்தும் காட்டினார். நிஜமாகவே இருந்தது. சுற்றி நின்றவர்கள் ஆமென் என்றார்கள்.

"இத அவ உசுரோட இருக்கும்போது அவகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

"அது உபதேசம் தம்பி. இது ஆறுதல்."

அவளுக்குக் கிடைத்தது உபதேசம். ஆறுதல், ஒன்றையும் நம்பாத எனக்கு.